எண்ணுக்காக விட்ட இடம்

அரிசோனா, அமெரிக்கா
14-2-1982

அன்புள்ள ஆனிமேரி அக்காவுக்கும் லாசர் அத்தானுக்கும் தம்பி இன்பசேகரன் எழுதுவது. நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்பதுதான் முறை. கேட்கக் கை கூசுகிறது.

சகாயம் போய் இரண்டு மாதம் ஆகிறது. தந்தி என் கைக்கு வந்தபோது நீங்கள் பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு வீடு திரும்பியிருப்பீர்கள். நான் வேலை பார்க்கும் மலைக்கு ஏறும் பாதையில் பனி மூடியிருந்ததால் தந்தி கீழே ஊரிலேயே கிடந்திருக்கிறது. இனி வந்துதான் என்ன செய்ய என்று இங்கேயே இருந்துவிட்டேன். ஒன்பது வயசுப் பிள்ளையை மூளைக்காய்ச்சல் கொண்டுபோன விதத்தை அத்தான் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் இன்னும் முழுசாகப் படிக்கவில்லை. பாதியில் மடித்து வைத்துவிடுகிறேன். கடைசியாக நான் பார்த்தபோது அவனுக்கு நாலு வயசு. என் சூட்கேஸுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மாமா, என்னையும் வச்சுப் பூட்டுங்க" என்றான்.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். நான் இங்கே பார்க்கும் வேலை உனக்குத் தெரியும். வானத்தைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடிப்பார்கள். ஒரே இடத்தை இரண்டு தடவை பிடித்த தகடுகளை நான் பகலில் ஒரு கருவியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்ப்பேன். நட்சத்திரமெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். எப்போதாவது ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். அது நட்சத்திரம் இல்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிவரும் ஆயிரக்கணக்கான கற்களில் ஒன்று. சிறுகோள் என்பார்கள். 1978இல் அப்படி ஒன்றை நான் கண்டுபிடித்தேன். என் பங்குக்கு அது ஒன்றுதான். அது மறுபடி மறுபடி வந்து, கணக்குப் போட்ட பாதையில் போகிறது என்று உறுதியான பிறகு எண் கொடுப்பார்கள். எண் வந்ததும் பெயர் வைக்கும் உரிமை கண்டுபிடித்தவனுக்கு. இந்த வருஷம் வந்துவிடும் என்கிறார்கள்.

அதற்கு நம் சகாயத்தின் பெயரை வைக்கட்டுமா?

நீ சொன்னால் செய்வேன். வேண்டாம் என்றால் இதை நான் கேட்டதாகவே நினைக்க வேண்டாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
சேகர்


சேசு மரி சூசை

ஞானஒளிவுபுரம், மதுரை
10-3-1982

அன்புத் தம்பி சேகருக்கு அக்காவின் ஆசீர்வாதம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் என்கிறாய், மார்பில் சளி கட்டவிடாதே.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் போய் வருகிறேன். நாலாம் வகுப்பு வேண்டாம் என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லி இரண்டாம் வகுப்பு வாங்கிக்கொண்டேன். அத்தான் மில் ஆபீஸுக்குப் போகிறார், வருகிறார். வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சோறு வைத்தால் சாப்பிடுகிறார். வைக்காவிட்டால் கேட்பதில்லை.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கல் எம்புட்டுப் பெரிசு? நாங்கள் பார்க்க முடியுமா? அது எரியுமா? கீழே விழுமா? விழுகிற கல் என்றால் வேண்டாம், தம்பி. அவன் பெயர் உள்ள ஒன்று இன்னொரு தடவை போவதை நான் பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு
அக்கா


அரிசோனா
2-4-1982

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் சேகர் எழுதுவது. இங்கே பனி விட்டுவிட்டது. சளியெல்லாம் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில். குறுக்களவு மதுரைக்கும் பரவைக்கும் உள்ள தூரம் இருக்கலாம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. எரியாது. விழாது, அக்கா. நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டு சூரியனை ஒரு சுற்று வரும். நமக்குப் பிறகும், நம் ஊருக்குப் பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும்.

பெயருக்குச் சில விதிகள் உண்டு. ஆங்கிலத்தில் பதினாறு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரே சொல்லாக இருந்தால் நல்லது. ஆரோக்கிய சகாயம் என்று முழுசாக வேண்டுமா, சகாயம் போதுமா? எப்படி எழுதுவது என்று நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். இன்னொன்று, பெயருக்குரியவரைப் பற்றி இரண்டு மூன்று வரி அச்சிடுவார்கள். அவன் எப்படிப்பட்ட பிள்ளை என்று நீ எழுதி அனுப்பு. நான் மொழிபெயர்த்துக்கொள்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

சேகர்


சேசு மரி சூசை

மதுரை
9-5-1982

அன்புத் தம்பி சேகருக்கு. உன் சுகத்துக்கு மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பள்ளிக்கூடம் லீவு.

நேற்று வீட்டில் சண்டை. சகாயம் போதும் என்பதில் இருவருக்கும் ஒரே மனசு. எழுத்தில்தான் தகராறு. நான் ஆங்கிலத்தில் 'கா'வுக்கு எச் போட வேண்டும் என்றேன். அவர் ஜி என்றார்.

"ஸ்கூல் ரெஜிஸ்டர்ல ஜி, ஞானஸ்நான ரெஜிஸ்டர்ல ஜி. நீ என்ன புதுசா எச்சுங்கிற?"

"ஜி போட்டா வெள்ளைக்காரன் எப்படி வாசிப்பான்? சாகேயம்பான்."

"வாசிச்சுட்டுப் போறான். எம்பிள்ளை பேரு ஜிதான்."

"பெத்தவ எனக்குத் தெரியாதா?"

"பெத்தவ நீ. பேரு வச்சவன் நானு!"

சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளினார். பிறகு அவரே இழுத்து வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார். டிசம்பரிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத மனுஷன், சேகர். ஒரு எழுத்துக்காக என்னோடு சண்டை போட்டார். ஜி என்றே போடு. அவர் ஜெயிக்கட்டும்.

அவனைப் பற்றி இரண்டு வரி எழுத முடியவில்லை. நாலு தாள் எழுதிக் கிழித்தேன். அவன் என்ன சாதித்தான், ஒன்பது வயசில்? இட்லிக்குச் சீனிதான் தொட்டுக்கொள்வான். அப்பாவோடு பரவைச் சந்தைக்குப் போனால் வெங்காய மூட்டைமேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டான். பூசையில் மணியடிக்கச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று பங்குச் சாமியாரோடு ஒரு வாரம் பேசவில்லை. சைக்கிளில் குரங்குப் பெடல் போடக் கற்றுக்கொண்டு, உட்கார்ந்து ஓட்டக் கால் எட்டாமல் இருந்தான். இதையெல்லாம் அச்சுப் போடுவார்களா? எதைப் போடலாமோ அதைப் போடு.

சாமியாரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டிசம்பரிலிருந்து பார்த்தார்களே, அந்தப் பார்வை இல்லை. பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, "மேரியக்கா, ஒங்க பிள்ளை வானத்துல ஏறிட்டானாமே" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்று பகலில் தூங்கினேன்.

நீ நல்லா இருக்க வேண்டும், தம்பி.

அக்கா


அரிசோனா
20-7-1982

அன்புள்ள அக்காவுக்கு. நலம். நலமறிய ஆவல்.

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிவிட்டது. வேலை அதிகம். எண் கொடுக்கும் அலுவலகத்தில் ஒரு சின்னத் தாமதம். பழைய குறிப்புகளை ஒத்துப் பார்க்கிறார்கள். தெரிந்ததும் எழுதுகிறேன். அதுவரை யாரிடமும் அதிகம் சொல்ல வேண்டாம்.

அத்தானுக்கு என் அன்பு.

சேகர்


சேசு மரி சூசை

மதுரை
5-9-1982

அன்புத் தம்பி சேகருக்கு. உன் கடிதம் ரொம்பச் சின்னதாக இருந்தது. உடம்புக்கு ஏதாவதா? மறைக்காதே.

சொல்ல வேண்டாம் என்றாய். எங்கே, ஊரே சொல்கிறது. என் வகுப்புப் பிள்ளைகள் சிலேட்டில் வட்டம் போட்டு நடுவில் சகாயம் என்று எழுதிக் கொண்டுவந்து காட்டுகின்றன.

ஒரு சங்கதி. கல்லறைக்கு இதுவரை மரச்சிலுவைதான் இருந்தது. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்குள் கல் வைத்துவிட வேண்டும் என்று அத்தான் திருவாதவூருக்குப் போய் வெள்ளைத்துரை என்கிற கல்தச்சரிடம் சொல்லிவிட்டு வந்தார். அவரே போனார், நான் சொல்லவில்லை. 'லா. ஆரோக்கிய சகாயம்' என்று பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. அதற்குக் கீழே, 'இவன் பெயரில் வானில் ஒரு கோள் உண்டு. எண்', அவ்வளவுதான். எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். வந்ததும் வெள்ளைத்துரை வந்து வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

திருநாளுக்குள் வந்துவிடுமா? தந்தி வேண்டுமானாலும் கொடு.

அக்கா


மதுரை
8-11-1982

அன்புள்ள மாப்ள சேகருக்கு லாசர் எழுதிக்கொண்டது. நீங்கள் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. தப்பிருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் அக்காவுக்குத் தெரியாமல் மில்லில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜூலைக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. அவள் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்கிறாள். அவர் எங்கள் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பவே சங்கடப்படுகிறார்.

திருநாளுக்குக் கல் வைத்தோம். மெழுகுவர்த்தி ஏற்ற வந்தவர்களெல்லாம் எங்கள் கல் முன்னால் நின்று படித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர் கேட்டார், "என்ன சார், வரி பாதியில நிக்கிது?" நான் பதில் சொல்வதற்குள் அவளே, "நம்பர் வரணும்ணே. அமெரிக்காவுலருந்து வந்துக்கிட்டு இருக்கு" என்றாள்.

மாப்ள, ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குத் தெரிகிறது. நான் முப்பது வருஷமாக ஆபீஸில் கடிதம் பார்க்கிறவன். ஆகிற காரியத்துக்கு நீளமாகப் பதில் வரும். ஆகாத காரியத்துக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று வரும். எதுவானாலும் எனக்கு எழுதுங்கள், மில் விலாசத்துக்கு. அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு
லாசர்


அரிசோனா
1-12-1982

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்.

அத்தான் தன்னிடம் சொல்லச் சொன்னார். அக்கா, நான் உன்னிடமே சொல்ல வேண்டும்.

அந்தக் கல் என்னுடையது இல்லை.

1974இல் செக்கோஸ்லோவாகியாவில் ஹாவ்ரானெக் என்று ஒரு பெரியவர் அதைப் பார்த்திருக்கிறார். பல மாதம் தொடர்ந்து பார்த்துப் பாதையும் கணக்கிட்டிருக்கிறார். பிறகு அவர் ஊரில் மேகம், அது இது என்று கைதவறிப் போய்விட்டது. நாலு வருஷம் கழித்து அவர் தொலைத்ததைத்தான் நான் புதிது என்று நினைத்துக் கண்டெடுத்திருக்கிறேன். பழைய குறிப்புகளை ஒத்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்று என்று தெரிந்துவிட்டது. கண்டுபிடித்தவர் அவர்தான். பெயர் வைக்கும் உரிமையும் அவருக்குத்தான். நியாயம் அதுதான்.

இது எனக்கு ஜூலையில் தெரியும். உடனே அவருக்கு எழுதினேன். சகாயத்தைப் பற்றி, உன்னைப் பற்றி, எல்லாம் எழுதி, அந்தப் பெயரையே நீங்கள் வைக்க முடியுமா என்று கெஞ்சினேன். அவர் சரி என்றுவிட்டால் உனக்கு ஒன்றும் தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கல்லில் வெட்டக் கொடுத்திருக்கிறோம் என்று நீ எழுதிய கடிதம் வந்தபோது பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன்.

போன வாரம் பதில் வந்தது. என் கடிதத்தைத் தன் மனைவிக்கு வாசித்துக் காட்டினாராம். அந்த அம்மாள் அழுதாராம். ஆனால் ஏப்ரலில் அவர் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. முதல் பேத்தி. அவள் பெயரை, யித்கா என்று, என் கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்பே அனுப்பிவிட்டாராம். எண்ணும் பெயரும் அச்சாகிவிட்டன. அச்சானதை மாற்ற முடியாது.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

சேகர்


மதுரை
6-1-1983

சேகருக்கு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உன் கடிதம் வந்தது.

உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எதற்கு அது? அதற்குத் தொட்டில் இருக்கிறது. அம்மா இருக்கிறாள். பால் இருக்கிறது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். டீச்சர் தினமும் அதன் பெயரைக் கூப்பிடுவாள், அது எழுந்து உள்ளேன் என்று சொல்லும். என் பிள்ளை பெயரைக் கூப்பிட இனி யாருக்கு என்ன வேலை இருக்கிறது?

அந்தப் பெரியவரைக் குறை சொல்லவில்லை. அவர் கண்டார், அவர் வைத்தார். ஜூலையிலிருந்து தெரிந்து வைத்துக்கொண்டு என்னை அந்தக் கல் முன்னால் நிற்கவிட்டாயே, அதுதான். நான் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பொய் சொல்லியிருக்கிறேன். கோவிலில் சாமியார் பொய் சொல்லியிருக்கிறார். அவனை இரண்டு தடவை கொடுத்துவிட்டேன்.

இனி எழுத வேண்டாம்.

ஆனிமேரி


அரிசோனா
11-4-1983

அன்புள்ள அக்காவுக்கு. எழுத வேண்டாம் என்றாய். உன் சுகம் தெரியாமல் இருக்க முடியவில்லை.

போன மாதத் தகடுகளில் இன்னொரு புள்ளி பார்த்தேன். புதிதாக இருக்கலாம். இந்தத் தடவை யாருடைய பழைய குறிப்பிலும் இல்லை என்று நானே தேடிப் பார்த்துவிட்டேன். எண் வர எட்டு, பத்து வருஷம் ஆகலாம். வந்தால் சகாயம் என்றுதான் வைப்பேன். நீ காத்திருப்பாயா?

சேகர்


மதுரை
17-7-1983

அன்புள்ள மாப்ள சேகருக்கு லாசர் எழுதுவது. இங்கே இருவரும் இருக்கிறோம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை அவள் பிரிக்கவில்லை. பெட்டியில் துணிக்கடியில் வைத்திருக்கிறாள். கிழிக்கவும் இல்லை.

கல்லறைக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறு கல் வைத்துவிடலாம் என்றேன். "மறுபடி தோண்டணுமா அவனை?" என்றாள். வெள்ளைத்துரையை வரச்சொல்லி அந்தக் கடைசி வரியை மட்டும் செதுக்கி எடுக்கச் சொன்னேன். அவளை வரவேண்டாம் என்றேன். வந்தாள். உளி விழ விழ நகராமல் நின்றாள். அவர் வேலையை நிறுத்திவிட்டு, "தாயி, நீங்க அங்கிட்டுப் போய் நெழல்ல இருங்க. ஒங்க முகத்தப் பாத்துக்கிட்டு என்னால அடிக்க முடியல" என்றார். அப்போதும் நகரவில்லை. அவர் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு அடித்து முடித்தார்.

இப்போது அந்த இடம் ஒரு சாண் நீளத்துக்குக் குழியாக இருக்கிறது. வருத்தப்படாதீர்கள், மாப்ள. நீங்கள் நல்லது நினைத்துத்தான் செய்தீர்கள். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், ஆனால் இப்போது சொல்ல மாட்டாள்.

லாசர்


சேசு மரி சூசை

ஞானஒளிவுபுரம், மதுரை
6-11-1983

அன்புத் தம்பி சேகருக்கு அக்காவின் ஆசீர்வாதம். நீ சுகமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே நல்ல மழை. அத்தானுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம்.

உன் ஏப்ரல் கடிதத்தை முந்தாநாள்தான் பிரித்தேன். புதுக் கல்லுக்கு அவன் பெயர் வேண்டாம், சேகர். பத்து வருஷம் வாசலில் நிற்க எனக்குக் காலில் பலம் இல்லை. அதற்கு உனக்குத் தோன்றுகிற வேறு பெயரை வை. கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, ஆனால் இதை அதில் சொல்லவில்லை.

வேறு ஒரு காரியத்துக்காகத்தான் எழுதுகிறேன். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்ல வேண்டும்.

இந்தப் பத்து மாதமும் அந்தக் குழந்தையின் பெயர் என் தலைக்குள்ளேயே கிடந்தது. யித்கா, யித்கா என்று. கூட்டும்போது, குழம்பு வைக்கும்போது. அது இப்போது உட்கார்ந்திருக்கும், இப்போது எழுந்து நிற்கும் என்று வெறுப்போடு கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன மாதம் ஒரு நாள் அடுப்படியில் நின்றுகொண்டு, "அதுக்கும் ஒரு காச்சல் வரட்டும், அப்பத் தெரியும் அவுகளுக்கு" என்று சொல்லிவிட்டேன். மனசுக்குள் இல்லை. வாய்விட்டு. அத்தான் பின்னால் நின்றிருந்தார்.

அவர் திட்டவில்லை. என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, "மேரி, அது இன்னும் ரெண்டு வயசு ஆகாத பிள்ளை" என்றார். நான் வெறும் ஆள் இல்லை, சேகர். காய்ச்சல் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். பார்த்த வாயால் அதைச் சொன்னேன்.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் இறந்தவர்களுக்குப் பூசை வைக்கப் பெயர் கொடுக்கப் போனோம். சகாயத்தின் பெயரைக் கொடுத்தேன். கோவில் உபதேசியார் எழுதிக்கொண்டார். "இன்னொரு பூசை வேணும். இது செத்தவுகளுக்கு இல்ல, உசுரோட இருக்கிற பிள்ளைக்கு" என்றேன். பெயர் கேட்டார். சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. இரண்டு தடவை சொல்லவைத்தார்.

"எந்த ஊருப் பிள்ளைம்மா? ஒங்களுக்கு என்ன வேணும்?"

எனக்கு ஊர் பெயர் தெரியவில்லை. என்ன வேண்டும் என்றும் சொல்லத் தெரியவில்லை. அத்தான்தான் சொன்னார், "தூரத்துச் சொந்தம்."

நேற்று அந்தப் பூசை நடந்தது. நாங்கள் இருவரும் போயிருந்தோம். சாமியார் அந்தப் பெயரைத் திக்கித் திக்கித்தான் வாசித்தார். வெளியே வரும்போது எங்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பூசை வைத்துவிட்டேன் என்பதற்காக என் மனசு ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஆறவில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நீ எனக்காக ஒன்று செய்ய வேண்டும். அந்தப் பெரியவருக்கு ஒரு கடிதம் எழுது. குழந்தை நடக்கிறதா, பேச்சு வந்துவிட்டதா என்று கேள். ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டார்களா என்று கேள். உடம்பு கொதித்தால் விடியட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம் என்று எழுது. அந்த நேரமே தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல். வண்டி கிடைக்காவிட்டால் நடக்கச் சொல்.

முன்பின் தெரியாதவள் யார் இதைச் சொல்ல என்று அவர் கேட்டால், சகாயத்தின் அம்மா சொன்னாள் என்று எழுது.

அக்கா
ஆனிமேரி